குட்டிக் கட்டத்துக்குள் கீரனூர்!

குட்டீஸ், வீட்டில் இருக்கும் செல்போனை ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். (அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான்!) திரை முழுக்கக் குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? எல்லாமே 'ஆப்' என்றுதான் நினைத்திருப்பீர்கள். அவற்றில் சில, ஆப்பே இல்லாமல் வெறும் இணையதளங்களாகவும் இருக்கலாம்! பிரவுசர் மெனுவில் 'முகப்புத் திரையில் சேர்' என்பதைத் தொட்டால், ஓர் இணையதளம் இப்படிக் குட்டிப் படமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் படத்தை வரைந்தது யார்? கீழே உள்ள பெயரை வைத்தது யார்? செல்போன் கம்பெனியா? இல்லை. அந்த இணையதளத்தை உருவாக்கியவர்தான். நீங்கள் உருவாக்கினால், நீங்களேதான்!

பழனி பக்கத்துக் கீரனூரில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து பழனிக்கு எப்போதெல்லாம் பஸ் வருகிறது என்று நோட்டில் குறித்து, அதை ஒரு வலைப்பக்கமாகவும் ஆக்கிவிட்டீர்கள். சபாஷ்! அப்பத்தாவுக்கு இணைய முகவரியெல்லாம் தட்டத் தெரியாது. படத்தைத் தொட்டால் பஸ் நேரம் தெரியவேண்டும். சரி என்று திரையில் சேர்க்கிறீர்கள். ஐயோ! வந்து நிற்பது, ஒரு கட்டத்துக்குள் ஒற்றை ஆங்கில எழுத்து. படம் தராத இணையதளத்துக்கு ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் முகவரியின் முதல் எழுத்தைத்தான் போட்டு வைக்கும். அதே எழுத்தில் இன்னொன்றும் பக்கத்தில் இருந்தால் அப்பத்தா என்ன செய்வார்?

இதற்குத்தான் 'மேனிஃபெஸ்ட்' என்ற கோப்பு இருக்கிறது. கப்பலில் என்னென்ன சரக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று எழுதும் பட்டியலுக்கும் இதே பெயர்தான். இணையதளத்தின் மேனிஃபெஸ்ட்டில் சில வரிகள் போதும். பெயர், சுருக்கப் பெயர், படம் இருக்கும் இடம், பிடித்த நிறம். போன் அதைப் படித்து அப்படியே செய்யும்.

பெயரில்தான் வேடிக்கை! 'கீரனூர் பஸ் நேரம்' என்று வைத்தால் இடம் போதாமல் 'கீரனூர் ப...' என்று வெட்டுப்படலாம். சுருக்கப் பெயர் 12 எழுத்துக்குள் இருக்கட்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். 'கீரனூர்' நமக்கு 4 எழுத்து. ஆனால் கம்ப்யூட்டர் கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும், அதற்கு 7! நம் எழுத்துகளில் பல அகலமானவை வேறு. நான் வைப்பதாக இருந்தால் 'பஸ் நேரம்' என்றே வைப்பேன். ஊர்ப் பெயர் அப்பத்தாவுக்குத் தெரியாதா என்ன!

அடுத்து, படம். 2008 ஜனவரியில் ஐபோனில் இந்த வசதி வந்தபோது, படத்தின் அளவு 57க்கு 57 பிக்சல். பிக்சல் என்றால் திரையில் ஒரு புள்ளி. 57 புள்ளி, 57 வரிசையில் கோலம் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படி வரைந்து கொடுத்தாலும், ஐபோன் தானாகவே அதன்மேல் கண்ணாடிப் பளபளப்பைப் பூசிவிடும். வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக ஒரு சொல் எழுதவேண்டும். 2013-ல் அந்தப் பளபளப்பு போயே போய்விட்டது. இப்போது 512க்கு 512 அளவில் படம் கேட்கிறார்கள்.

சில போன்கள் படத்தை வட்டமாக வெட்டும். சில, மூலையை மட்டும் மழுக்கும். உங்கள் பஸ்ஸின் முன்சக்கரம் காணாமல் போகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். காம்பஸ் எடுங்கள். 10 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, அதன் நடுவில் 8 செ.மீ. விட்டமுள்ள வட்டம் போடுங்கள். முக்கியமானதெல்லாம் வட்டத்துக்குள்! வெளியே வெறும் நிறம் மட்டும். பின்னணியை வெறுமையாக விட்டால், ஐபோன் அதைக் கறுப்பாக்கிவிடும். வரைந்தபின் சுமார் 1 செ.மீ. கட்டத்தில் அதையே மறுபடி வரைந்து பாருங்கள். ஜன்னல், கண்டக்டர், ஆடு என்று நிறைய போட்டிருந்தால் எல்லாம் சேர்ந்து மசிக்கறை மாதிரி தெரியும்!

இதையெல்லாம் பெரிய கம்பெனிகளும் செய்கின்றன. பெங்களூரு ஃபிளிப்கார்ட், 2015-ல் செல்போன் இணையதளத்தை மூடிவிட்டு 'ஆப் மட்டும் போதும்' என்றது. இணைய வேகமும் போனில் இடமும் குறைவாக இருந்தவர்கள் ஆப்பை இறக்கச் சிரமப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், 'ஃபிளிப்கார்ட் லைட்' என்று இணையதளத்தையே திரும்பக் கொண்டு வந்தது. முகப்புத் திரையில் சேர்த்தால் ஆப் போலவே திறக்கும்.

'போலவே' என்பதில்தான் ஒரு வம்பு. மேனிஃபெஸ்ட்டில் ஒரு வரி எழுதினால், திறக்கும்போது மேலே முகவரிப் பட்டையே தெரியாது. பார்க்க அழகு. ஆனால் ஏமாற்றுக்காரன் ஒருவன், வங்கியின் படத்தையும் பெயரையும் தன் இணையதளத்துக்கு வைத்துவிட்டால்? போன் நம்பிவிடும்! திண்டுக்கல் பூட்டை வரைந்து ஒட்டினால் கதவு பூட்டிக்கொள்ளுமா? அதனால், யாரோ அனுப்பிய இணைப்பைத் திரையில் சேர்க்கச் சொன்னால், சேர்ப்பதற்கு முன்பே முகவரியை எழுத்தெழுத்தாகப் பெரியவர்களோடு சேர்ந்து படியுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் முகவரி தெரியாமல் போகலாம்.

கடைசியாக ஒன்று. அப்பத்தாவிடம் ஐபோன் இருந்தால், படத்தை நன்றாக முடித்த பிறகே சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் நாளைக்கே பச்சை பஸ்ஸைச் சிவப்பாக மாற்றினாலும், அவர் திரையில் பச்சைதான் நிற்கும். அதை நீக்கிவிட்டு, மறுபடி சேர்க்கவேண்டும்!