கத்தரிக்கோலுக்கு முன்னே கணினி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பர் பெரியோர். அந்த ஆடை முதலில் காகிதத்தில் படமாகப் பிறக்கிறது. கையால் வரைந்த படத்தைக் கணினியில் தைத்த ஆடைபோலக் காண்பது எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு என் தங்கைக்குக் குடைப்பாவாடை ஒன்று வரைந்தேன். பூக்கள் யாவும் நிமிர்ந்து நிற்பதாகத் தீட்டினேன். தையல் வேலை செய்யும் என் அம்மா தடுத்தும் கேளாமல், அவர் சேமித்த பணத்தில் வாங்கிய துணியை நானே முழுவட்டமாக வெட்டினேன். தைத்து முடித்தபோது முன்புறம் பூக்கள் நிமிர்ந்திருந்தன. பக்கங்களில் படுத்துக் கிடந்தன. பின்புறமோ தலைகீழாகத் தொங்கின! "காகிதம் நீ சொன்னதைக் கேட்கும்; துணி கேட்காது" என்றார் அம்மா. தங்கை முகம் சுளிக்காமல் அதையே அணிந்து திருப்பலிக்கு வந்தாள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அதன் பின்னரே கணினி வழியைக் கற்றேன். முதலில் படத்தைக் கறுப்பு மையால் தெளிவாக வரைந்து, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு கிம்ப், கிரிட்டா போன்ற இலவச மென்பொருள் ஒன்றில் திறக்க வேண்டும். அதில் 'லேயர்' என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்றது. கீழ்த்தாளில் துணியின் புகைப்படம், மேல்தாளில் நம் படம். மேல்தாளை 'மல்டிப்ளை' முறைக்கு மாற்றினால் வெள்ளை மறைந்து, கோடும் நிழலும் மட்டும் துணிமேல் விழும்.

துணியைப் புகைப்படம் எடுக்கும்போது அருகில் ஓர் அளவுகோலை வைப்பது நலம். அப்போதுதான் பூவின் அளவு பொய்யாகாது. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: அழகுக்காகப் பூக்களை நம் விருப்பம்போல் திருப்பக் கூடாது. வெட்டும் வடிவத்தைத் துணிப்படத்தின்மேல் வைத்து, அந்தத் துண்டையே எடுத்து ஆடையில் பொருத்த வேண்டும். படுக்கப் போகும் பூ திரையிலேயே படுத்துவிடும்.

இவ்வொழுக்கம் நமக்குப் புதிதன்று. எங்கள் குத்தம்பாக்கத்துக்குத் தென்மேற்கே உள்ள காஞ்சிபுரத்தில், பட்டுப்புடவையின் வடிவங்களைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தார்கள். கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளையிட்டார்கள். துளைக்கேற்பத் தறி நூலைத் தூக்கும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த முறை அது. கட்டம் நிரப்பும் அவ்வேலையை இன்று கணினியிலும் செய்கிறார்கள். ஆயினும் ஒரு கட்டம் தவறினால் புடவையிலும் அது தவறே.

துணி விறைப்பா, குழைவா என்பதைத் திரை சொல்லாது, விரல்தான் சொல்லும். ஆகவே தங்கையின் பிறந்தநாளுக்கு அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித் துணி வாங்கினேன். குடைப்பாவாடையில் பூக்கள் சாய்வதைத் திரையில் கண்டு, நேராக வெட்டிச் சுருக்கு வைக்கும் பாவாடையாக மாற்றினேன். அம்மா திரையைப் பார்த்தார், புன்னகைத்தார், கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்.

தோழியரே, திரையில் எத்தனை முறையும் அழிக்கலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. முதலில் பார்ப்போம்; பிறகு வெட்டுவோம்!