அடிமனை ஊருக்கு, வீடு உங்களுக்கு

பாழாய்க் கிடந்த ஒரு பேட்டையை அங்கே வசிப்பவர்களே சேர்ந்து மீட்டார்கள் என்று கேட்டதும் நமக்கு நினைவு வருவது துடைப்பமும் மண்வெட்டியும்தான். குப்பை அள்ளியிருப்பார்கள், மரம் நட்டிருப்பார்கள், சுவருக்கு வண்ணம் அடித்திருப்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பேட்டை நன்றாக ஆனதும் மனை விலை ஏறும், வாடகை ஏறும். குப்பை அள்ளியவர்களே அங்கே குடியிருக்க முடியாமல் போகும். இதைத் தடுக்க வழி உண்டா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் ஒரு தெரு கண்ட வழியை, டீ ஆறுவதற்குள் நாம் படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

அந்த இடத்துக்கு டட்லி தெரு என்று பெயர். நகரின் மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். 1980களின் தொடக்கத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சுமார் 1,300 மனைகள் வெற்றிடமாகக் கிடந்தன. ஒரு காலத்தில் வீடுகள் நின்ற மனைகள். கறுப்பின மக்கள் குடிவந்த பகுதிகளுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. வசதியான வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். விலை போகாத வீட்டைக் கொளுத்திவிட்டுக் காப்பீட்டுப் பணம் வாங்கிய உரிமையாளர்களும் உண்டு. எரிந்த மனைகளில் வெளியூர் லாரிகள் வந்து கட்டட இடிபாடும் கெட்டுப்போன இறைச்சியும் கொட்டிவிட்டுப் போயின.

உதவ மனம் உள்ளவர்கள் வந்தார்கள். ஒரு அறக்கட்டளையும் சில சேவை அமைப்புகளும் கூடித் திட்டம் தீட்டி, நிர்வாகக் குழுவில் யார் யார் என்பதையும் எழுதிக்கொண்டு, 1985இல் மாதா கோயில் கூடமொன்றில் ஊரைக் கூட்டி வாசித்தார்கள். குழுவில் பெரும்பாலான இடங்கள் அமைப்புகளுக்கு. கேட்டுக்கொண்டிருந்த மக்கள், மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்வது சிரமமாகிவிட்டது. வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. திட்டத்தை மாற்றி எழுத ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. புதிய குழுவில் குடியிருப்பவர்களுக்கே பெரும்பான்மை. அங்கிருந்த கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டே தீவினர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினரும் எண்ணிக்கையில் ஏற்றத்தாழ்வாக இருந்தும், நால்வருக்கும் சம இடம்.

அடுத்த ஆண்டு அவர்கள் எடுத்த முதல் போராட்டம் குப்பைக்கு எதிரானது. மேயர் ரேமண்ட் ஃப்ளின் வரை போய், சட்டத்துக்குப் புறம்பான குப்பைக் கிடங்குகளை மூட வைத்தார்கள். சரி, இடம் சுத்தமாகிவிட்டது. வீடு கட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பேட்டையின் நடுவிலிருந்த ஒரு முக்கோணப் பகுதியில் சுமார் 30 ஏக்கர் காலி நிலம் இருந்தது. அதில் ஏறக்குறைய பாதி மாநகராட்சியுடையது, மீதி தனியாருடையது. ஆனால் இரண்டும் கலந்து கிடந்தன. ஒரு மனை மாநகராட்சிக்கு, அடுத்தது வரி பாக்கி வைத்துவிட்டு எங்கோ போய்விட்ட ஒருவருக்கு, அதற்கடுத்தது மறுபடி மாநகராட்சிக்கு. இப்படி இருந்தால் நான்கு வீட்டை வரிசையாகக் கட்ட முடியாது.

எனவே அவர்கள் துணிந்து ஒன்று கேட்டார்கள்: நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம். அரசு நம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதே அதிகாரம்தான். 1988இல் பாஸ்டன் மறுசீரமைப்பு ஆணையம் அதை வழங்கியது. அமெரிக்காவில் ஒரு பேட்டை மக்களின் அமைப்புக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. பாஸ்டனில் 1950களின் இறுதியில் வெஸ்ட் எண்ட் என்ற பகுதியையே இதே அதிகாரத்தால் இடித்துத் தள்ளியிருந்தார்கள். அந்தப் பயம் மக்களுக்கு இருந்தது. அதனால் காலி மனைகளை மட்டுமே எடுக்கலாம், யார் குடியிருக்கும் வீட்டையும் தொடக்கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். எடுத்த மனைக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டுமே; அதற்கு ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது.

இப்படிச் சேர்ந்த நிலத்தை வைத்துக்கொள்ள ஒரு சமூக நில அறக்கட்டளையை நிறுவினார்கள். நிலம் என்றைக்கும் அறக்கட்டளையின் பெயரில்; அதன்மேல் கட்டிய வீடு, வாங்குபவர் பெயரில்; நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். நிலம் என் பெயரில் இல்லையென்றால் அது வாடகை வீடுதானே, அதற்கு ஏன் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்போம்.

கோயில் நிலத்தில் வீடு கட்டியிருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் எத்தனையோ பேர். அடிமனை சாமிக்கு, கட்டடம் குடியிருப்பவருக்கு. அடிமனை வாடகை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையாக இருப்பார்கள், வீட்டை மாற்றிக் கட்டுவார்கள், பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். நிலமும் வீடும் தனித்தனிச் சொத்தாக இருக்க முடியும் என்பது நமக்குப் புதிதல்ல. டட்லி தெருவில் உள்ள வேறுபாடு, அடிமனைக்குச் சொந்தக்காரரான அமைப்பையே பேட்டை மக்கள்தான் நடத்துகிறார்கள் என்பது. வாடகையையும் நிபந்தனையையும் முடிவு செய்யும் அறையில் அவர்களுக்கு நாற்காலி உண்டு.

விற்கும்போது என்ன ஆகிறது? பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். சந்தையில் நிலத்தோடு ஒன்றரை லட்சம் டாலர் போகும் வீட்டை, நில விலை சேராததால் ஒரு பெண் ஒரு லட்சத்துக்கு வாங்குகிறார். பத்து ஆண்டில் சந்தை விலை மூன்று லட்சமாகிவிட்டது. அவர் மூன்று லட்சத்துக்கு விற்க முடியாது. விலை எவ்வளவு ஏறலாம் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அடைத்த அசலும் அந்த ஏற்றமும் அவருக்கு. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு அடுத்த குடும்பம் உள்ளே வருகிறது, அவரைப் போலவே சாதாரண வருமானத்தோடு.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு நஷ்டம்தானே? ஆமாம், மூன்று லட்சத்தோடு ஒப்பிட்டால் நஷ்டம்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் நிலத்தோடு சேர்த்துத்தான் விற்பேன் என்றிருந்தால் அவரால் முதல் நாளே வாங்கியிருக்க முடியாது. தவிர, அந்த விலை ஏறியது அவர் சுவருக்கு வெள்ளையடித்ததால் அல்ல. தெருவே ராத்திரி ராத்திரியாகக் கூட்டம் போட்டு, குப்பை லாரியை மறித்து ஏற்றிய விலை அது. அதில் பெரும்பகுதி தெருவிலேயே தங்குவது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டை அடமானம் வைக்கவும் அறக்கட்டளை சம்மதிக்க வேண்டும். இது தொல்லை போலத் தெரியும். ஆனால் 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் அமெரிக்கா முழுக்க வீடுகள் ஏலத்துக்குப் போனபோது, நில அறக்கட்டளை வீடுகள் மிகக் குறைவாகவே பறிபோயின. ஏமாற்றுக் கடன்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

இந்த ஏற்பாட்டின் வேர் நம் பக்கத்திலும் இருக்கிறது. 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காக முதல் நில அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வான், வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்திலிருந்து ஊக்கம் பெற்றவர். தனி ஆளுக்குத் தானமாகப் போன நிலம் கடனில் கைமாறிவிடுவதைக் கண்டுதான், நிலத்தை ஊரின் பெயரிலேயே வைக்கும் கிராமதானத்தை வினோபா வலியுறுத்தினார்.

இன்று டட்லி தெரு அறக்கட்டளை நிலத்தில் 220க்கும் மேற்பட்ட வீடுகள் நிற்கின்றன. பழைய கார்ப் பட்டறை இருந்த இடத்தில் பத்தாயிரம் சதுர அடிக்குப் பசுமைக் குடில் போட்டுத் தக்காளி விளைவிக்கிறார்கள். அறக்கட்டளை எல்லைக்கு வெளியே வாடகை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது; இந்த வேலியால் பேட்டை முழுவதையும் காக்க முடியவில்லை. வேலிக்குள் இருப்பவருக்கு அந்தப் பயம் இல்லை. 99 ஆண்டு முடிந்ததும் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே வீட்டுக்காரர் இறந்துவிட்டால், வீட்டோடு சேர்ந்து குத்தகையும் பிள்ளைகள் பெயருக்குப் போகும்.