மோட்டார் பெட்டியில் ஆன்டெனாவுக்கும் எர்த் வேண்டும்

சிதம்பரம், புவனகிரி, குமராட்சிப் பகுதிகளில் மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் நாட்களில், டார்ச் விளக்கும் கையுமாக வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். செல்போன் மூலம் மோட்டாரை இயக்கும் கருவி வந்த பின் அந்த நடை பலருக்குக் குறைந்திருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுத்ததால் சிறு விவசாயிகளும் இதை வாங்கிப் பொருத்தியுள்ளனர். ஆனால் பொருத்தும்போது ஒரு சிறு வேலை பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இக்கருவி இரும்புத் தகட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. இரும்பு, செல்போன் அலையைத் தடுக்கும். ஆகவே பெட்டியில் ஒரு துளையிட்டு, மறை உள்ள பித்தளை இணைப்பான் ஒன்றைச் செருகி, அதன் வெளிமுனையில் ஆன்டெனாவைத் திருகுகிறார்கள். நட்டை முறுக்கியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். பெட்டியின் மேல் இருக்கும் பூச்சை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும் அந்தப் பவுடர் கோட்டிங், தூளாகத் தூவிச் சூளையில் சுட்டு ஒட்டவைத்தது. துருவுக்கு நல்ல காவல். அதே சமயம் அது பிளாஸ்டிக்கைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. நட்டு எவ்வளவு இறுகியிருந்தாலும் அது பூச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, இரும்பைத் தொடவில்லை.

"டவர் நன்றாகக் காட்டுகிறதே, பிறகு என்ன?" என்று கேட்கலாம். செல்போன் அலை வினாடிக்குப் பல கோடி முறை அதிரும். அதற்கு மெல்லிய பூச்சு ஒரு தடையே அல்ல. கண்டென்சரில் பாய்வது போலப் பாய்ந்துவிடும். வினாடிக்கு 50 சுற்று மட்டுமே உள்ள நம் மின்சாரத்துக்கு அந்தப் பூச்சு ஒரு சுவர். டவர் காட்டுவதை வைத்து எர்த் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

பெட்டிக்குள் ஒரு பேஸ் ஒயரின் உறை தேய்ந்து ஆன்டெனா கேபிளின் பின்னலில் பட்டால், அந்த மின்சாரத்துக்கு இறங்க வழியில்லை. வெளியே நீட்டியிருக்கும் பித்தளை முனையிலேயே அது காத்திருக்கும். ஈரக் கையோடு ஆன்டெனாவைத் திருகப் போகிறவர்தான் அதன் வழி ஆகிவிடுவார். தொலைவில் இடி விழுந்து ஆன்டெனாவில் மின்னழுத்தம் ஏறினாலும் இதே கதைதான்; பெட்டி வழியாக மண்ணுக்குப் போக வேண்டியது கருவியின் பலகை வழியாகப் போய் அதைக் கருக்கிவிடும். (நேரடியாக விழும் இடிக்கு எந்த எர்த்தும் முழு உத்தரவாதம் அல்ல.)

இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். முதலில் மெயினை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து யாராவது போனை அழுத்தினால் மோட்டார் ஓடும் என்பதை மறக்கலாகாது. கண்டென்சர் இருந்தால் அதில் தேங்கிய மின்சாரம் இறங்கச் சில நிமிடம் விட்டு, டெஸ்டரால் மூன்று பேஸையும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இணைப்பானைக் கழற்றி, துளையைச் சுற்றிப் பெட்டியின் உட்புறத்தில் மட்டும், வாஷரின் அகலத்துக்கு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வெளிப்புறப் பூச்சைத் தொட வேண்டாம். ரப்பர் வளையம் அங்கேதான் உட்கார்ந்து மழையைத் தடுக்கிறது. தேய்த்த இடத்தில் பல் உள்ள ஸ்டார் வாஷரைப் போட்டு நட்டை முறுக்கினால், பற்கள் இரும்பைக் கடித்துப் பிடிக்கும். சாதாரணத் தட்டை வாஷர் இந்த வேலையைச் செய்யாது. சிறிய மறை என்பதால் அளவோடு முறுக்க வேண்டும். புதிதாகத் துளை போடுவதானால் பெட்டியின் கீழ்ப்புறத்திலோ பக்கத்திலோ போடுவது நல்லது. மேற்புறத் துளை என்றைக்காவது ஒழுகும்.

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இத்துடன் விட்டால் ஒரே மழைக்காலத்தில் வேலை பாழ். பித்தளையும் இரும்பும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால், இரும்பு வேகமாக அரிக்கும். ஆகவே முறுக்குமுன் தேய்த்த இடத்தில் வாசலின் லேசாகத் தடவி, முறுக்கிய பின் பிதுங்கியதைத் துடைத்துவிட்டு, வாஷரின் விளிம்பைச் சுற்றி ரெட் ஆக்ஸைடு பூசிவிட வேண்டும். பூசிவிட்டு முறுக்கினால் பழைய கதைதான்.

காந்த அடியுள்ள ஆன்டெனாவைப் பெட்டி மேல் ஒட்டவைத்திருப்பவர்கள் காந்தத்தின் கீழே சுரண்ட வேண்டாம். அதன் கேபிள் பெட்டிக்குள் நுழையும் இணைப்பானில்தான் இந்த வேலை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில மலிவான கருவிகளில் உள் சுற்று நேராக மின் இணைப்போடு சேர்ந்திருக்கக்கூடும். பெட்டியோடு சேர்க்குமுன், ஒயர்மேனைக் கொண்டு, மின்சாரம் உள்ளபோது இணைப்பானின் பித்தளைக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரால் பார்த்துவிடுங்கள். காட்டினால் சேர்க்க வேண்டாம். கருவியை விற்றவரையே வந்து மாற்றித்தரச் சொல்லுங்கள்.

ஆன்டெனாவைப் பெட்டியோடு சேர்த்தாயிற்று. பெட்டி மண்ணோடு சேர்ந்திருக்கிறதா? மும்முனை மோட்டாரின் உலோகப் பாகங்களுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. பல கொட்டகைகளில் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் துருப்பிடித்த கம்பி. எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பேஸ் பெட்டியில் பட்டால் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 15 ஆம்பியர் பியூஸ் அதற்குப் போகாது. பெட்டி மின்சாரத்தோடு நின்றுகொண்டே இருக்கும். கசிவைக் கண்டதும் வெட்டிவிடும் சாதனம் ஒன்றைப் பொருத்துவது அதனால்தான் நல்லது.

பேஸிலிருந்து ஒரு கம்பியும் எர்த்திலிருந்து ஒரு கம்பியும் எடுத்துக் கொட்டகையில் பல்பு எரிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். எர்த் கம்பி மண்ணருகே அறுந்த நாளில், அந்தப் பல்பின் வழியாகவே பெட்டியிலும் ஆன்டெனாவிலும் மின்சாரம் ஏறிவிடும்.

எர்த்துக்கு 38 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய், சுமார் 8 அடி நீளம் போதும். கொள்ளிடக் கரையோரக் களிமண்ணில் ஈரம் நிற்பதால் எர்த் நன்றாக அமையும். பண்ருட்டிச் செம்மண் மேட்டில் சித்திரை வெயிலில் மண் காய்ந்து எர்த் பலவீனப்படும். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். கடலோர உவர் மண்ணில் எர்த் நன்றாகக் கிடைத்தாலும் குழாயை உப்பு தின்றுவிடும். ஆன்டெனாவைத் தனிக் கம்பத்தில் உயர்த்தியிருந்தால் அதற்கென்று வேறு எர்த் அடித்து விட்டுவிடக் கூடாது. அதையும் பெட்டி எர்த்தோடு இணைக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பும், புயலுக்குப் பின் லைன் திரும்ப வந்த பிறகும் ஒருமுறை பரிசோதிப்பது அவசியம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததைக் கடலூர் மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். பியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முள்ளை ஆன்டெனா இணைப்பானின் பித்தளையிலும் மற்றொன்றைப் பெட்டியின் எர்த் போல்ட்டிலும் வைத்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பெட்டியின் கதவையும் அப்படியே பாருங்கள். கீலிலும் பூச்சு இருப்பதால், கதவுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு வளையும் செம்புக் கம்பி தேவைப்படும். மீட்டர் முள் அசையாவிட்டால் நட்டைக் கழற்றி மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.