ஒற்றைச் செருப்பும் ஓடைத் தண்ணீரும்

1971ஆம் வருஷம் டிசம்பர் 24ஆம் தேதி, பெரு தேசத்தின் லீமா நகரிலிருந்து புறப்பட்ட விமானமொன்று மின்னல் தாக்கி ஆகாயத்திலேயே சிதறியபோது, அதிலிருந்த 92 பேரில் பிழைத்தவள் ஜூலியானா கோப்கே என்னும் 17 வயதுப் பெண் ஒருத்தியே. ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்திலிருந்து இருக்கையோடு அமேசான் வனத்தில் விழுந்த அவளிடம் எஞ்சியவை கையில்லாத மெல்லிய கவுனும் ஒற்றைச் செருப்புமே. மூக்குக்கண்ணாடிகூடப் போய்விட்டது.

விலங்கியல் வல்லுநர்களான பெற்றோருடன் வனத்து ஆராய்ச்சி நிலையத்தில் வசித்த காலத்தில், நீரோட்டத்தைத் தொடர்ந்தால் மனித வாசஸ்தலம் தென்படும் என்று தந்தை கற்பித்திருந்தமையால், சிற்றோடையொன்றைக் கண்டதும் அதன் போக்கிலேயே நடந்தாள். சருகுகளுக்கடியில் பாம்பு கிடக்கக்கூடுமென்று செருப்பணிந்த காலையே முதலில் ஊன்றினாள். ஆகாரம் என்று கிடைத்தது ஒரு பை மிட்டாய். புயத்துக் காயத்தில் புழு நெளிய, தந்தை நாய்க்குச் செய்த சிகிச்சையை நினைந்து, ஆற்றங்கரைக் குடிசையருகே கண்ட பெட்ரோலை அதில் ஊற்றினாள். (ஆபத்துக்கு அது உபாயம், வைத்தியமென்று யாரும் கொள்ள வேண்டாம்.) 11 நாள் அலைச்சலுக்குப் பின், வனத்தொழிலாளர் அவளைக் கண்டெடுத்தனர்.

அவளைக் காத்தது கையிலிருந்த பொருளன்று, அறிந்திருந்த விஷயமே. இதனால் வனப் பயண உபகரணங்கள் வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடைக்காரர் புகழும் பளபளப்பைவிட, நனைந்த பருத்தித் துணி உடற்சூட்டைப் பறிக்கும், கம்பளியோ ஈரத்திலும் ஓரளவு காக்கும் என்ற விஷயஞானமே பணப்பையைத் திறக்குமுன் அவசியம். புதுப் பூட்ஸை ஊரிலேயே சில வாரம் அணிந்து பழக்குவதும், மடக்குக் கத்திக்குப் பதிலாக அலகு கைப்பிடியின் கடைசிவரை ஓடும் கத்தியைத் தேர்வதும் அவ்வாறே.