முந்நூற்றிருபதுக்குள் அடங்கிய பின்னம்

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதிவிடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. 2/5 என்பது அரையைவிடக் குறைவு. கையிலிருந்த அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, அரைக்கும் கீழே எப்படி இறங்கும்?

பின்னத்தில் கீழே நிற்கும் பகுதி, துண்டின் அளவைச் சொல்கிறது. மேலே நிற்கும் தொகுதி, அப்படி எத்தனை துண்டு என்று சொல்கிறது. துண்டின் அளவு வேறு வேறாக இருக்கும்வரை எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. இரண்டையும் ஆறில் ஒன்றாக நறுக்கினால், அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு துண்டு, ஆக 5/6. மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளியில் படிப்பது, இந்தப் பொதுத் துண்டைத் தேடும் வழிதான்.

இப்படி ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பொதுத் துண்டை நாம் புதிதாகத் தேடுகிறோம். பழைய தமிழ்க் கணக்கர்கள் அதை எப்போதும் கையோடு வைத்திருந்தார்கள். அதன் பெயர் முந்திரி, அளவு 1/320. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி, பதினாறு முந்திரி ஒரு மா. இருபது முந்திரி சேர்ந்தால் 1/16. அதுதான் மாகாணி, வீசம் என்றும் சொல்வார்கள். நாற்பது முந்திரி அரைக்கால், எண்பது முந்திரி கால். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை வைத்துப் பிள்ளைகள் இவற்றை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள்.

‘முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க’ என்று இன்றும் பேச்சில் சொல்கிறோம். முக்கால் 240 முந்திரி, மூன்று வீசம் 60 முந்திரி, கூட்டினால் 300. மொத்தம் 320 அல்லவா? ஆகவே 15/16. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 94 பேர். பகுதியைச் சமமாக்கும் வேலையே இதில் இல்லை, வெறும் முழு எண் கூட்டல்தான்.

320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்த எண். அதனால் பாதி, பாதியில் பாதி என்று 1/64 வரை இறங்கலாம். ஐந்தாகவும் பத்தாகவும் இருபதாகவும் பங்கு போடலாம். வேலிக்கு இருபது மா என்ற நில அளவுக்கும், பின்னாளில் வந்த ரூபாய்க்குப் பதினாறு அணாவுக்கும் அது அப்படியே பொருந்தியது.

பெருக்கலுக்குப் பொதுத் துண்டு தேவையில்லை. ‘ஒன்றுக்கும் குறைந்த இரண்டைப் பெருக்கினால் ஏன் இன்னும் சிறிதாகிறது’ என்பதுதான் அங்கே பிள்ளைகளின் குழப்பம். தஞ்சைப் பகுதியில் நிலம் அளக்கும் கோல் பன்னிரண்டு அடி. கோலுக்குக் கோல், அதாவது பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. பக்கத்துக்கு முக்கால் கோல், அதாவது ஒன்பது அடி உள்ள ஒரு சதுரத்தை அளந்து பாருங்கள். பரப்பு 81 சதுர அடி. ஒரு குழியோ 144 சதுர அடி. முக்காலை முக்காலால் பெருக்கினால் 9/16, அரையே வீசம். நீளத்திலும் கால் பங்கு குறைந்தது, அகலத்திலும் கால் பங்கு குறைந்தது. பரப்பு இரண்டு முறை அடி வாங்கியது.

வகுத்தலில் முந்திரி மறுபடியும் கைகொடுக்கிறது. முக்கால் வேலி நிலத்தை ஆளுக்கு மூன்று மாவாகப் பிரித்தால் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? முக்கால் வேலி 240 முந்திரி, மூன்று மா 48 முந்திரி. 240-ஐ 48-ஆல் வகுத்தால் ஐந்து பேர். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்ற பள்ளி விதிக்குப் பின்னால் இருப்பதும் இதுவே. துண்டு சமமானதும் பகுதிகள் விலகிவிடுகின்றன, எண்ணிக்கையை எண்ணிக்கையால் வகுப்பது மட்டும் மிஞ்சுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பிடிபடாதது மூன்று. 320-ஐ மூன்றாகப் பிரித்தால் 106 முந்திரி போக இரண்டு மிஞ்சும். மிஞ்சியதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கக் கீழ்முந்திரி இருந்தது. அது முந்திரியிலும் 320-இல் ஒன்று. ஒரு வேலியை 2,88,000 சதுர அடி என்று கொண்டால், அதில் ஒரு முந்திரி 900 சதுர அடி, கீழ்முந்திரி மூன்று சதுர அடிக்கும் குறைவு. அவ்வளவு இறங்கினாலும் மூன்றில் ஒன்று மிச்சமில்லாமல் தீராது. நெல் அளப்பதில் மட்டும் இந்தச் சிக்கல் குறைவு. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பதால், மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு மரக்கால்.

பிரித்துத் தீராத பின்னம் எந்த முறையிலும் இருக்கும். நம் தசமத்திலும் மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவில்லாமல் ஓடும். கணினியின் பாடு இன்னும் மோசம். அது இரண்டின் அடுக்குகளில் மட்டுமே எண்ணுவதால் பத்தில் ஒன்றையே சரியாகக் குறிக்க முடியாது. பல நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வருவது இதனால்தான். முந்திரிக் கணக்கில் 0.1 என்பது இருமா, 32 முந்திரி, 0.2 என்பது நாலுமா, 64 முந்திரி. கூட்டினால் 96. எண்பது கால், மீதிப் பதினாறு ஒரு மா. விடை காலே ஒருமா, மிச்சம் எதுவும் இல்லை.