குறட்டையும் உயிர்மூச்சும்

உறக்கத்தைச் சாக்காட்டிற்கும், விழித்தெழுதலைப் பிறப்பிற்கும் ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுவமையை நினைவூட்டும் நோயொன்று நம் இல்லங்களில் இரவுதோறும் ஒலித்துக் கொண்டிருக்கின்றது. நாமோ அதனை வெறும் குறட்டை என்று நகைத்து ஒதுக்குகின்றோம்.

ஓசூர் சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்து வருவோரையும், பெங்களூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுவோரையும் குறித்து, “உழைத்த களைப்பு, நன்றாக உறங்குகிறார்” என்று இல்லத்தார் கூறக் கேட்டிருக்கின்றோம். உண்மை வேறாக இருக்கலாம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுவதுண்டு. பத்து நொடிக்கும் மேலாக மூச்சு நிற்கும், மூளை திடுக்கிட்டு எழுப்பும், மீண்டும் அடைபடும். இவ்வாறு மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முதல் 14 முறை நிகழ்ந்தால் நோய் மிதமானது. 15 முதல் 29 வரை நடுத்தரமானது. 30ஐ எட்டினால் கடுமையானது. இரத்த அழுத்தம் உயரும். பகலில் கண் சொருகும். எந்திரத்தின் முன்னும் ஸ்டியரிங்கின் முன்னும் ஒரு நொடி அயர்ந்தாலும் உயிர் போகுமன்றோ!

இந்நோய்க்குரிய கருவிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் ‘சிபேப்’ எந்திரம். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இம்முறையால் ஐவர் பயனுற்றதை 1981இல் வெளியிட்டார். மற்றொன்று, பல்மருத்துவர் அச்செடுத்துச் செய்து தரும் பற்கருவி. இது கீழ்த்தாடையைச் சற்று முன்னே நிறுத்தி, நாக்கு பின்சரியாது காக்கும்.

இவற்றுள் எது சிறந்தது? மூச்சுத் தடையை நீக்கும் ஆற்றலில் எந்திரமே மேலானது. ஆயின் அதற்கு மின்சாரம் வேண்டும்; விலையும் மிகுதி; முகமூடி பொறாது கழற்றி வைப்போர் பலர். பற்கருவியோ சட்டைப்பையில் அடங்கும், லாரியிலும் உடன்வரும். சிட்னியில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒரு மாதப் பயன்பாட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒத்த நலனையே தந்தன. பற்கருவியை மக்கள் இரவில் நெடுநேரம் அணிந்ததே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. எனினும் நோய் கடுமையாயின் எந்திரமே முதல் மருந்து. மிதமான, நடுத்தர நோயினர்க்கும், எந்திரம் ஒவ்வாதார்க்கும் பற்கருவி ஏற்றது என்பதே மருத்துவர் கொள்கை.

பற்கருவிக்குப் பிடிமானம் பற்களே. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பற்களைப் பழுதாக்கியதை நாம் அறிவோம். 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதன்பொருட்டு எழுந்ததுதான். ஆகவே, பற்களின் வலுவைச் சோதித்த பின்னரே இக்கருவியை அணிதல் வேண்டும். நாளடைவில் தாடை வலியும் பல்வரிசை மாற்றமும் நேரக்கூடுமாதலின், அணிந்தபின்னும் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது.

கருவியைத் தேர்வதற்கு முன் உறக்கப் பரிசோதனை வேண்டும். அண்டையிலுள்ள பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளில் அதற்கு வசதியுண்டு. மூச்சு நிற்பதை உறங்குபவர் அறியார், அருகிருப்போரே அறிவர். மாணவச் செல்வங்களே! இன்றிரவு தந்தையின் குறட்டை இடையில் அறுந்து, பின் திணறலுடன் தொடர்கின்றதா எனச் செவிகொடுத்துக் கேளுங்கள். அவ்வாறாயின் காலையில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எக்கருவியாயினும் இரவுதோறும் அணிந்தாலன்றிப் பயன் தராது என்பதையும் அன்புடன் எடுத்துரையுங்கள்.