மானாவாரி மனிதர்கள் – 9: அவசரத்துக்கு ஒரு குட்டி

சென்ற வாரம் கரிசலின் கண்மாய்களைப் பார்த்தோம். அந்தக் கண்மாய்க் கரைகளில் மேய்ந்து திரியும் வெள்ளாடுகளைப் பற்றி இந்த வாரம்.

கரிசலில் வெள்ளாமை வரவு வருஷத்துக்கு ஒருமுறைதான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் சோளமும் மாசிக்குள் வீடு வந்துவிடும். செலவு அப்படி இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது தானியம் விற்ற காசு கரைந்திருக்கும். நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு அந்தக் காசும் கிடையாது. கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டுமா, பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, பட்டியில் நிற்கும் ஒரு கிடாவைப் பிடித்துக் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் பணம் கைக்கு வரும். நகையை அடகு வைத்தால் வட்டி ஓடும். காட்டை விற்றால் திரும்பாது. ஆடு விற்றாலோ, மிச்சம் நிற்கும் பெட்டை ஐந்து மாதச் சினையில் மறுபடி குட்டி போடும், பெரும்பாலும் இரட்டையாக.

இந்த மண்ணுக்கென்றே அமைந்த இனங்கள் உண்டு. தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் கறுத்த உடம்பும் முகத்தில் காதிலிருந்து மூக்குவரை கோடுமாக இருப்பது கன்னி ஆடு. கோடு வெள்ளையென்றால் பால் கன்னி, சிவப்பென்றால் செங்கன்னி. நெடுநெடுவென்று வளர்ந்து மந்தைக்கு முன்னால் நடப்பது கொடி ஆடு. இரண்டுமே வெயிலுக்கும் வறட்சிக்கும் சளைக்காதவை.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, ஆட்டுக்காசு யார் கையில் இருக்கிறது என்பதுதான். வெள்ளாமைப் பணம் ஆம்பிளை கைக்குப் போகும். வீட்டோரம் நிற்கும் இரண்டு மூன்று உருப்படி பெண்ணுடையது. களையெடுத்துத் திரும்பும்போது குழை ஒடித்துக் கட்டி வருவதும், கோடையில் கருவேல நெத்துப் பொறுக்கிப் போடுவதும், குட்டிகளைக் கொடாப்பில் அடைப்பதும் அவள்தான். ஆடு வாங்கக் காசில்லாதவள் வாரத்துக்குப் பிடிப்பாள்: தாய் ஆடு உடையவருக்கு, ஈனும் குட்டிகளில் பாதி வளர்ப்பவளுக்கு. பத்திரம் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். அப்படிப் பங்காகக் கிடைத்த ஒரு பெட்டைக் குட்டியில் தொடங்கிய மந்தைகள் இங்கே ஏராளம்.

2011இல் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடு கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ஐந்தாண்டுகளில் 7 லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. 2012 கணக்கெடுப்பில் சுமார் 81 லட்சமாக இருந்த தமிழ்நாட்டு வெள்ளாடுகள் 2019இல் ஏறத்தாழ 99 லட்சம். நல்ல காரியம்தான். ஆனால் ஆட்டைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது.

முதலாவது, நோய். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியைக் கொண்டே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் தயாரித்தது. ஒரு முறை போட்டால் மூன்றாண்டுக்குக் கவலையில்லை. அப்படியிருந்தும், ஊசி வந்து சேராத ஊரில் கழிச்சலும் காய்ச்சலுமாக ஒரு வாரத்தில் பட்டியே காலியாகிறது. கையில் மருந்து இருந்தும் சாகவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, விலை. சனிக்கிழமை கூடும் எட்டயபுரம் சந்தைக்குத் தீபாவளி, பக்ரீத் சமயத்தில் போய்ப் பாருங்கள், கால் வைக்க இடமிருக்காது. ஆனால் நம் சந்தைகளில் பெரும்பாலும் விலை பேசுவது கண்மதிப்பில்தான். இடுப்பெலும்பைப் பிடித்துப் பார்த்தே கறி எத்தனை கிலோ தேறும் என்று வியாபாரி கணித்துவிடுவார். வளர்த்தவளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. வீட்டு வாசலிலேயே, அவசரத்தில் விற்பவளுக்கு நட்டம் இன்னும் அதிகம். உயிர் எடை போட்டு விற்க ஒரு தராசு இருந்தால், பேரத்தில் அவள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கிய கதை பெரிது. அதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் ஊரில் கிராம சபை கூடினால், இரண்டைத் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள்: எல்லா ஆட்டுக்கும் தடுப்பூசி, சந்தையில் ஒரு தராசு.

(தொடரும்)